வாசகர் கேள்வி – பதில்: வைரமா, வண்ணக் கல்லா?

கேள்வி: வருகிற ஆவணியில் எனக்கு மோதிரம் மாற்றுவதென்று இரு வீட்டாரும் பேசி முடித்திருக்கிறார்கள். மாப்பிள்ளை கத்தாரில் வேலை செய்கிறார். வைர மோதிரம் வாங்கி வரட்டுமா என்று கேட்டார். எனக்கோ சிறு வயதிலிருந்தே நீலக்கல்லின் மேல்தான் ஆசை. வைரம் இல்லாவிட்டால் வந்தவர்கள் குறைவாகப் பேசுவார்கள் என்கிறார் மாமி. நீலம் சனி பகவானுக்குரிய கல், சாதகம் பார்க்காமல் அணியக் கூடாது என்கிறார் அம்மா. நான் என்ன செய்யட்டும்?
— வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: மகள், உங்கள் விருப்பத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. மோதிரம் மாற்றுவதென்றால் வைரம்தான் என்ற எண்ணம் நம் முன்னோர் வழி வந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னாபிரிக்கச் சுரங்கங்களிலிருந்து வைரம் ஏராளமாக வரத் தொடங்கியது. அதன் வணிகத்தைக் கையில் வைத்திருந்த டி பியர்ஸ் நிறுவனம், வைரம் என்றென்றைக்கும் நிலைக்கும் என்று 1947இல் தொடங்கிச் செய்த விளம்பரம் அந்த எண்ணத்தை உலகெங்கும் வேரூன்றச் செய்தது. நீங்கள் கேட்கும் கல்லோ நம் தீவின் மண்ணில் பிறப்பது. இரத்தினபுரியை எல்லோரும் அறிவர். அம்பாறைக்கு அடுத்த மொனராகலை மாவட்டத்தின் ஒக்கம்பிட்டியிலும் அது கிடைக்கிறது. 1981இல் இங்கிலாந்து இளவரசர் சார்ள்ஸ் டயானாவுக்கு அணிவித்த மோதிரத்தில் இருந்ததும், 2010இல் அவர்களின் மூத்த மகன் தம் மணப்பெண்ணுக்குக் கொடுத்ததும் ஒரே இலங்கை நீலக்கல்தான் என்பதை மாமியிடம் சொல்லுங்கள்; அதற்கு மேல் அவருக்கு விளக்கம் தேவைப்படாது என்று நம்புகிறேன்.

அழகை விட நான் முதலில் பார்ப்பது உறுதியை. கற்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரம் 10, அதற்கு அடுத்தபடியாக நீலமும் மாணிக்கமும் 9. இவ்விரண்டும் குருந்தம் என்ற ஒரே கனிமத்தின் இரு நிறங்கள். காற்றில் பறக்கும் தூசியிலும் நம் கடற்கரை மணலிலும் கலந்திருக்கும் படிகத் துகளின் கடினம் 7 என்பதால், அதற்குக் கீழ்ப்பட்ட கல் எதுவும் நாளும் துடைக்கத் துடைக்கத் தேய்ந்து மங்கிப் போகும். தேங்காய் துருவி, மீன் கழுவி, பாத்திரம் தேய்க்கும் கையில் ஆண்டுக்கணக்கில் இருக்க வேண்டிய மோதிரத்துக்கு நீலக்கல் எல்லா வகையிலும் ஏற்றது.

அம்மாவின் அச்சத்தைத் தள்ளிவிடாதீர்கள். குடும்பத்தார் வைத்துப் பார்க்கும் சோதிடரிடம் கேட்டு அம்மாவின் மனம் அமைதியடைந்தால் நல்லது. அடையாவிட்டால் வேறு வழியுண்டு. குருந்தத்தில் இளஞ்சிவப்பு, ஊதா நிறக் கற்களும் இருக்கின்றன. மஞ்சள் நிறத்ததைப் புஷ்பராகம் என்று குரு பகவானுக்கு உரியதாகக் கொள்வார்கள். இதே நாட்டில் கிடைக்கும் ஸ்பினெல் என்ற கல்லுக்கு நவரத்தின வரிசையில் இடமே இல்லையாதலால் எந்தக் கிரகத்தின் பேச்சும் எழாது. கடினம் 8, நிறமும் பலவிதம்.

இனி, வாங்குவதைப் பற்றி. இதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். பிரெஞ்சு அறிஞர் ஒகூஸ்த் வெர்னுயி செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை வெளியிட்டது 1902இல். நீலமும் விரைவில் அவ்வாறே செய்யப்பட்டது. அது கண்ணாடி அன்று, மண்ணில் விளைந்த கல்லுக்குரிய அதே பொருளாலானது. ஆகையால் உரசிப் பார்த்தோ வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோ வேறுபாட்டைக் காண முடியாது. பெரிதாக்கிப் பார்க்கும்போது இயற்கைக் கல்லின் வளர்ச்சிக் கோடுகள் நேராகவும், அந்த முறையில் செய்ததன் கோடுகள் வளைந்தும் தெரியும். இன்னொன்று, சூடேற்றுதல். கெவுடா எனப்படும் பால் நிறக் குருந்தத்தை மிகுந்த வெப்பத்தில் வைத்தால் அது நல்ல நீலமாகிறது. இதனை முன்பு மலிவாக ஒதுக்கியிருந்தோம். 1970களில் தாய்லாந்து வணிகர் வாங்கிச் சென்று சூடேற்றி விற்ற பின்னரே அதன் மதிப்பு நமக்குத் தெரிந்தது. சூடேற்றிய கல் போலியன்று, நிறமும் நிலைக்கும். ஆனால் சூடேற்றாத கல்லின் விலையை அதற்குக் கொடுத்துவிடக் கூடாது.

நம் ஊர் நகைக்கடைக்காரர்களின் தேர்ச்சி தங்கத்தில். எனவே கல்லைப் பதிக்கும் முன்பே தனியாக வாங்கி, தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் பரிசோதனைக் கூடத்தில் அல்லது நம்பத்தக்க வேறோர் ஆய்வுக்கூடத்தில் சான்றிதழ் பெறுங்கள். இயற்கையா, செயற்கையா, சூடேற்றப்பட்டதா, நிறம் ஏற்றப்பட்டதா, எடை எத்தனை கரட் என்பவை அதில் இருக்க வேண்டும். “வாய்ச்சொல் போதும், நமக்குள் என்ன சான்றிதழ்” என்று விற்பவர் உறவாடினால் அந்தக் கல்லை வாங்காதீர்கள்.

கேள்வி: அவசரத்துக்கு அடகு வைக்க எது உதவும், வைர மோதிரமா, கல் மோதிரமா?
— வாசகர், திருக்கோவில்

பதில்: இரண்டும் உதவாது. அடகு பிடிப்பவர்கள் கல்லின் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டுமே பணம் தருவார்கள். அவசரத்துக்கு உதவ வேண்டுமென்றால் கல்லில்லாத வளையலோ சங்கிலியோ வாங்குங்கள். கல்லுக்குக் கொடுக்கும் பணத்தை ஆசைக்கென்றே ஒதுக்குங்கள்.

கேள்வி: நான் மணக்கவிருக்கும் பெண் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்கிறார். பச்சை நிறம் அவருக்குப் பிடிக்கும் என்பதால் மரகதம் பதித்த மோதிரம் கொடுக்க எண்ணுகிறேன். சரியா?
— வாசகர், அக்கரைப்பற்று

பதில்: தம்பி, எண்ணம் நல்லது, கல்தான் அந்தக் கைக்குப் பொருந்தாது. மரகதத்தின் கடினம் ஏழரைக்குக் குறையாது என்றாலும், அதன் உள்ளே இயல்பாகவே மெல்லிய வெடிப்புகள் இருக்கும். அவை தெரியாமலிருக்க எண்ணெய் ஊட்டியே பெரும்பாலும் விற்கிறார்கள். நாளொன்றுக்குப் பல தடவை சவர்க்காரமும் கிருமிநீக்கியும் படும் கையில் அந்த எண்ணெய் நிற்காது, ஓங்கி ஓர் இடி பட்டால் கல்லே பிளக்கலாம். மேலும் மரகதம் நம் நாட்டுச் சரக்கன்று, கொலம்பியா, சாம்பியா போன்ற நாடுகளிலிருந்து வருவது.

அதற்குப் பதிலாகப் பச்சை நிறக் குருந்தத்தைத் தேடுங்கள். மரகதத்தின் ஆழ்ந்த பச்சை அதில் வராது, சற்றுச் சாம்பல் கலந்ததாகவே இருக்கும். அதை அவரிடம் முன்பே காட்டி, பிடித்திருந்தால் மட்டும் வாங்குங்கள். கல் உயர்ந்து நின்றால் கையுறையைக் கிழிக்கும் என்பதால், சுற்றிலும் தங்க விளிம்பு வைத்துத் தாழ்வாகப் பதிக்கச் சொல்லுங்கள். வேலை நேரத்தில் மோதிரம் அணிய அவருடைய ஆஸ்பத்திரியில் அனுமதி உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் மரகதம்தான் வேண்டும் என்று அவரே சொன்னால் வாங்கிக் கொடுங்கள், விசேட நாட்களில் மட்டும் அணியட்டும். அளவை மாற்றவோ ஒட்டவோ நேரும்போது, நெருப்புப் படும் முன் கல்லைக் கழற்றிவிடும்படி பத்தரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.