வாசகர் கேள்வி பதில்: இடிக்கப்போகும் கட்டடத்துக்குக் கையொப்பம் இடலாமா?

கேள்வி: எங்கள் அடுக்குமாடிப் புளோக்குகளுக்கு நடுவே, முன்பு மளிகைக் கடையும் பிறகு பாலர் பள்ளியும் நடந்த ஒற்றைத் தளக் கட்டடம் ஒன்று பூட்டிக் கிடக்கிறது. அதை இடிக்கப்போவதாகத் தெரிந்த நாள்முதல் அண்டை அயலார் இரண்டு பட்டுவிட்டனர். மனுவோடு வீடு வீடாக வருபவர்களை, "வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்கிறீர்கள்" என்று மற்றவர்கள் ஏசுகின்றனர். நான் கையொப்பம் இடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தாராளமாக இடலாம். ஆனால், கட்டடத்தை விட்டுவைத்தால் அதில் யார் வந்து என்ன செய்யப்போகிறார்கள் என்பதை, மனுவை நீட்டுபவரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். "எங்கள் பிள்ளைகள் இங்குதான் படித்தார்கள்" என்பது உண்மையாகவே இருந்தாலும், நிலம் இவ்வளவு அரிதான சிங்கப்பூரில் அது மட்டும் எடுபடாது.

காலமும் முக்கியம். ஸ்டாம்ஃபர்டு சாலையில் 1960இல் திறக்கப்பட்ட செங்கல் நிறத் தேசிய நூலகத்துக்காகப் பலர் குரல் கொடுத்தனர்; கட்டடக் கலைஞர் டே கெங் சூன் மாற்றுத் திட்டமே வரைந்து காட்டினார். அதற்குள் முடிவு எடுக்கப்பட்டுவிட்டதால், ஃபோர்ட் கேனிங் சுரங்கப்பாதைக்காக 2004இல் நூலகம் மூடி இடிக்கப்பட்டது. வாசலின் இரண்டு செங்கல் தூண்கள் மட்டும் இன்றும் நிற்கின்றன. அவற்றைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கசக்கும்.

1958இல் கட்டப்பட்ட டகோட்டா கிரசென்ட் குடியிருப்புப் பேட்டையின் கதை வேறு. குடியிருந்தவர்கள் வெளியேறிய பிறகும் ஆர்வலர்கள் விடவில்லை. எந்தப் புளோக்குகளை எதற்குப் பயன்படுத்தலாம் என்று எழுதியே கொடுத்தார்கள். புறா வடிவ விளையாட்டுத் திடலைச் சுற்றியுள்ள ஆறு புளோக்குகள் நிலைநிறுத்தப்படும் என்று 2017இல் அரசாங்கம் அறிவித்தது. குவீன்ஸ்டவுன் நூலகமோ 1970இல் திறக்கப்பட்டது. அதைப் பாதுகாக்க 2013இல் முன்மொழிந்தபோதும் அது நூலகமாகவே இயங்கிக்கொண்டிருந்தது. பூட்டிய கட்டடத்துக்காக வாதாடுவதைவிட அப்படிப்பட்ட கட்டடத்துக்காக வாதாடுவது எளிது.

உங்கள் கட்டடம் சிறியது என்பதே அதற்குச் சாதகம்: முதியோருக்கான பகல்நேர நிலையத்துக்கோ பழுதுபார்க்கும் பட்டறைக்கோ ஒற்றைத் தளம் நன்றாகவே ஒத்துவரும். ஆயினும் உத்தரத்தின் அடியில் சிமெண்ட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி வெளியே தெரிகிறதா, கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடா என்பதைப் பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்லாமல் மனுவை அனுப்பாதீர்கள். பழுதுபார்க்கும் செலவு கைமீறிப் போனால் நானே இடிப்பின் பக்கம்தான் நிற்பேன்.

நகர மறுசீரமைப்பு ஆணையம் நிலப் பயன்பாட்டுக்கான பெருந்திட்டத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்து, வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கிறது. இத்தகைய யோசனையை அப்போதே எழுத்தில் கொடுப்பது நல்லது. உங்கள் வட்டாரத்தில் அந்தக் கட்டம் கடந்திருந்தால், இப்போதே நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குப் போங்கள்.

ஏசும் அண்டை வீட்டாரையும் ஒதுக்கிவிட வேண்டாம். இரவு நேரச் சத்தமும் கார் நிறுத்த நெருக்கடியும்தான் அவர்களுடைய கவலை என்றால், அவற்றுக்கான பதிலை மனுவின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.