திரைக்கதை எழுத விரும்புபவர் சின்னத்திரைத் தொடருக்கு எழுதப் போகலாமா? விருதுகளை எந்த அளவுக்குப் பொருட்படுத்த வேண்டும்?

கேள்வி கேட்டிருப்பவர் தம் நிலையைத் தெளிவாகவே எழுதியிருக்கிறார். வயது 26. சொந்தமாக ஒரு திரைக்கதையைப் பாதிவரை எழுதி வைத்திருக்கிறார். இப்போது ஒரு தினசரித் தொடரில் வசன உதவியாளராகச் சேரும்படி அழைப்பு வந்திருக்கிறது. அங்கே போனால் எழுத்து கெட்டுவிடுமா, விருது பெற்ற படங்களைப் பார்த்துக் கற்பது சரியான வழியா, தினமும் எழுத வேண்டும் என்கிறார்களே, எதை எழுதுவது என்பவை அவருடைய ஐயங்கள்.

நான் நான்கு ஆண்டுகளாக அதே வேலையில் இருக்கிறேன். எழுதி முடித்த திரைக்கதைகள் இரண்டு என்னிடம் உள்ளன. இரண்டும் இன்னும் படமாகவில்லை. ஆகவே உங்களுக்குச் சற்று முன்னால் அதே வழியில் நடந்துகொண்டிருப்பவள் கண்டதாக இதை எடுத்துக்கொள்ளுங்கள். நான் கண்டதில் முதன்மையானது இதுதான்: தொடருக்கு நீங்கள் எழுதும் பக்கத்துக்காக ஒரு படப்பிடிப்புக் குழுவே காத்திருக்கும், உங்கள் சொந்தத் திரைக்கதையின் பக்கத்துக்காக ஒருவரும் காத்திருக்க மாட்டார்கள். உங்கள் ஐயங்கள் எல்லாமே இந்த வேறுபாட்டில் வந்து சேர்கின்றன என்று நினைக்கிறேன்.

தொடரின் வேலைமுறையை முதலில் சொல்கிறேன். கதை ஒருவர், திரைக்கதை ஒருவர், வசனம் ஒருவர் என்று டைட்டில் கார்டில் தனித்தனியாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். நான் இருக்கும் இடத்தில் நடைமுறையும் அதுவே. வாரம் ஒருமுறை கதை விவாதம் நடக்கும். அடுத்த வாரத்தின் போக்கு அதில் முடிவாகும். திரைக்கதை ஆசிரியர் அதைக் காட்சிகளாகப் பிரித்து எங்களுக்கு அனுப்புவார். மாலையில் காட்சிப் பட்டியல் கைக்கு வந்தால், மறுநாள் காலை 7 மணிக்குப் படப்பிடிப்பு வீட்டில் வசனத்தாள் இருந்தாக வேண்டும். அரை மணி நேரத் தொடர் என்றாலும் விளம்பரம் போக எஞ்சுவது ஏறத்தாழ 22 நிமிடம்தான். அதன் கடைசி நொடியில் யாராவது ஒருவருடைய முகத்தில் காட்சி உறைந்து நிற்க வேண்டும். அதைத்தான் பிரீஸ் என்கிறோம். மாமியாராக நடிப்பவர் மாதத்துக்குப் பத்து நாள் மட்டுமே தேதி கொடுத்திருந்தால், மற்ற நாட்களில் அந்த மாமியார் ஊருக்குப் போயிருப்பார் அல்லது தொலைபேசியில் மட்டும் பேசுவார். தொடரை எவ்வளவு பேர் பார்த்தார்கள் என்று காட்டும் டிஆர்பி எண்கள் வியாழக்கிழமை வந்தபின், மூன்று வாரத்துக்கு முன்பே பேசி முடித்த திருப்பம் ஒன்று காணாமற்போவதும் உண்டு.

இந்த வேலை எனக்குக் கற்றுக்கொடுத்தவற்றில் ஒன்றை வேறு எங்கும் கற்றிருக்க முடியாது. நேற்று இரவு நான் எழுதிய வரியை இன்று காலை ஒரு நடிகர் வாய்விட்டுச் சொல்வதைக் கேட்கிறேன். சேர்ந்த ஆண்டில், மகனைப் பிரியும் ஒரு தாய்க்கு நீண்ட வசனம் ஒன்றை எழுதியிருந்தேன். அந்த மூத்த நடிகை ஒத்திகையில் முதல் வாக்கியத்தை மட்டும் சொல்லிவிட்டு, மீதியைச் சொல்லாமல், கையிலிருந்த துண்டை மடித்துப் பெட்டியில் வைத்தார். இயக்குநர் அதையே படமாக்கினார். நான் எழுதியவற்றில் எது காகிதத்துக்கு உரியது, எது மனித வாய்க்கு உரியது என்பது அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு விளங்கியது. இப்போது எந்த வரியையும் இரண்டு முறை உரக்கச் சொல்லிப் பார்க்காமல் அனுப்புவதில்லை.

கெடுதலும் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. தொடர் பார்ப்பவர் அடுப்படியிலிருந்து பாதியில் வந்து அமர்பவராக இருக்கலாம் என்பதால், நடந்த செய்தியை ஒவ்வொரு காட்சியிலும் யாராவது ஒருவர் மறுபடி சொல்லியாக வேண்டும். பாத்திரங்கள் மனத்தில் இருப்பதை அப்படியே பேசிவிடுவார்கள். இந்தப் பழக்கம் கையில் ஒட்டிக்கொள்கிறது. என் இரண்டாவது திரைக்கதையைப் படித்த தோழி ஒருத்தி, கதாநாயகன் தன் நண்பனிடம் பேசும் காட்சிகள் எல்லாமே நாம் ஏற்கெனவே கண்ணால் பார்த்ததைத்தான் திரும்பச் சொல்கின்றன என்று காட்டினாள். அவற்றை நீக்கியபோது 18 பக்கம் போயிற்று. கதையில் ஓர் இழை கூடக் குறையவில்லை. ஆகவே எழுத்து கெடுமா என்ற கேள்விக்கு, கெடும், ஆனால் எங்கே கெடுகிறது என்று தெரிந்தவருக்கு அதைத் திருத்திக்கொள்ளவும் முடியும் என்பதே என் பதில்.

சின்னத்திரைக்கு எழுதுவது தாழ்ந்த வேலை என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அமெரிக்காவில் பேடி சாயெவ்ஸ்கி என்பவர் 1953இல் என்பிசி தொலைக்காட்சியில் நேரலையாக நடிக்கப்பட்ட ‘மார்ட்டி’ என்ற நாடகத்தை எழுதினார். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் இறைச்சிக் கடையில் வேலை செய்யும், தன்னை எவரும் விரும்பமாட்டார்கள் என்று நம்பும் மனிதன் ஒரு சனிக்கிழமை இரவு ஓர் ஆசிரியையைச் சந்திக்கிறான், கதை அவ்வளவுதான். அதே நாடகம் 1955இல் படமானபோது, கான் திரைப்பட விழாவின் உயரிய பரிசையும் சிறந்த படம், சிறந்த திரைக்கதை உள்ளிட்ட நான்கு ஆஸ்கர் விருதுகளையும் பெற்றது. பின்னாளில் அவரே, பார்வையாளர் எண்ணிக்கைக்காக எதையும் செய்யத் துணியும் ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தைப் பற்றி ‘நெட்வொர்க்’ எழுதி, 1976ஆம் ஆண்டுப் படங்களுக்கான ஆஸ்கரில் மீண்டும் திரைக்கதை விருது பெற்றார். சிறிய திரையின் நெருக்கடியில்தான், பெரிய நிகழ்ச்சி எதுவும் இல்லாமல் இரண்டு பேர் பேசுவதிலேயே ஒரு கதையை நிறுத்தும் திறமை அவருக்கு வாய்த்தது என்று நம்புகிறேன்.

நம் ஊரிலும் சான்று இருக்கிறது. கே. பாலசந்தர் சென்னையில் ஏ.ஜி. அலுவலகத்தில், அதாவது அரசின் தலைமைக் கணக்காயர் அலுவலகத்தில், வேலை பார்த்துக்கொண்டே மேடை நாடகங்களை எழுதியவர். 1964இல் ‘தெய்வத்தாய்’ படத்துக்கு வசனம் எழுதித் திரையுலகில் நுழைந்தார். அடுத்த ஆண்டு ‘நீர்க்குமிழி’யை இயக்கினார். படங்களில் பெயர் நிலைத்த பிறகு அவர் சின்னத்திரைக்கும் வந்தார். அவருடைய மின் பிம்பங்கள் நிறுவனத்தின் தயாரிப்பில் 1990களில் வந்த, இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ தொடரை நான் பள்ளி நாட்களில் மறு ஒளிபரப்பில் பார்த்தேன். கதையை அடுத்த வாரத்துக்கு எப்படி எடுத்துச் செல்வது என்று நான் முதன்முதலாக யோசித்தது அப்போதுதான்.

இனி விருதுகள். தேசியத் திரைப்பட விருதுகளில் திரைக்கதைக்கென்று தனி விருது 1967ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து வழங்கப்படுகிறது. 2009ஆம் ஆண்டுப் படங்களுக்கான விருதிலிருந்து அது சொந்தத் திரைக்கதை, தழுவல் திரைக்கதை, வசனம் என்று பிரிக்கப்பட்டது. கோமல் சுவாமிநாதனின் நாடகத்தைத் தழுவிய ‘தண்ணீர் தண்ணீர்’ படத்துக்காகப் பாலசந்தரும், ‘காதல் கோட்டை’க்காக அகத்தியனும், ‘ஆடுகளம்’ படத்துக்காக வெற்றிமாறனும், ‘சூரரைப் போற்று’ படத்துக்காகச் சுதா கொங்கராவும் ஷாலினி உஷா நாயரும், 2023ஆம் ஆண்டுப் படங்களில் ‘பார்க்கிங்’ படத்துக்காக ராம்குமார் பாலகிருஷ்ணனும் திரைக்கதை விருது பெற்றிருக்கிறார்கள். இவற்றைப் பார்த்துக் கற்பது நல்ல வழிதான், பார்க்கும் முறை சரியாக இருந்தால்.

விருதுக் குழுவினர் மதிப்பிடுவது முடிந்த படத்தை. எழுத்தாளரின் மேசையில் இருந்த தாள்களை அவர்கள் பார்ப்பதில்லை. நடிப்பும் படத்தொகுப்பும் இசையும் சேர்ந்த பிறகுதான் திரைக்கதை அவர்கள் கண்முன் வருகிறது. ஆகவே நீங்கள் படத்திலிருந்து பின்னோக்கிப் போய் அந்தத் தாளைக் கண்டெடுக்க வேண்டும். நான் செய்வது இதுதான்: படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஒவ்வொரு காட்சியையும் ஒரே வரியில் எழுதுவேன். யார் என்ன வேண்டி உள்ளே வந்தார், எதைப் பெற்று அல்லது இழந்து வெளியே போனார் என்பது மட்டும் அந்த வரியில் இருக்கும். வசனத்தை எழுதுவதில்லை.

‘காதல் கோட்டை’யை இப்படி எழுதிப் பார்த்தது எனக்குப் பெரிய பாடம். கடிதங்களின் வழியே, முகம் பார்க்காமலே காதலிக்கும் இருவர் படத்தின் இறுதியில்தான் ஒருவரையொருவர் அடையாளம் காண்கிறார்கள். அப்படியானால் நடுவில் இருக்கும் காட்சிகள் எல்லாம் அந்தச் சந்திப்பைத் தள்ளிப்போட வேண்டும்; ஆனால் பார்ப்பவருக்கு அது தள்ளிப்போடுவதாகத் தெரியக் கூடாது. இருவரும் தொலைவிலேயே இருந்துவிட்டால் படம் தளர்ந்துவிடும். எனவே அவன் சென்னைக்கு வந்து ஆட்டோ ஓட்டுகிறான். அவள் அதே ஆட்டோவில் ஏறுகிறாள். இருவருக்கும் சண்டைதான் மூள்கிறது. நெருங்க நெருங்கத் தூரம் கூடுகிறது. தொடரில் நாங்களும் ஒன்றைத் தள்ளிப்போட்டுக்கொண்டேதான் இருக்கிறோம், ஆனால் எங்கள் கையில் அது வெறும் தாமதமாகிவிடுகிறது. தாமதத்துக்கும் தவிப்புக்கும் உள்ள வேறுபாட்டை என் ஒருவரித் தாள்களில் கண்ணால் பார்த்தேன். ‘பார்க்கிங்’ படத்துக்கும் அதையே செய்யுங்கள். ஒரே வீட்டில் குடியிருக்கும் இரு குடும்பங்கள், ஒரு வண்டி நிறுத்தும் இடம், அவ்வளவே. இவ்வளவு சிறிய காரணத்தை வைத்துக்கொண்டு இரண்டு மனிதர்களை எதுவரை கொண்டு போகலாம் என்பதைக் காட்சி காட்சியாக எண்ணிப் பாருங்கள்.

விருதையே இலக்காக வைத்துக்கொள்ள முடியுமா என்றால், அதன் காலக்கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். தமிழக அரசின் திரைப்பட விருதுகளில் 2009 முதல் 2014 வரையிலான ஆறு ஆண்டுகளுக்கு உரியவை 2017இல் ஒன்றாக அறிவிக்கப்பட்டு, 2022 செப்டம்பரில் வழங்கப்பட்டன. சின்னத்திரை விருதுகளும் அதே விழாவில் அளிக்கப்பட்டன. 2009இல் ஒரு நல்ல வசனத்தை எழுதியவர் கையில் அந்த விருது வந்து சேர 13 ஆண்டுகள் ஆயின. அத்தனை ஆண்டுகளும் அவரை எழுத வைத்தது வேறு ஏதோ ஒன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

அந்த வேறு ஒன்று, எனக்குத் தெரிந்த அளவில், காலை வேளைதான். தொடரின் பக்கத்தை நான் முதலில் எழுதிய காலத்தில் என் சொந்தப் பக்கம் எழுதப்படவே இல்லை. காத்திருப்பவர்களின் வேலையை முடித்த பிறகு உடம்பில் மிச்சம் எதுவும் இருக்காது. இப்போது அதிகாலை 5 மணி முதல் ஆறேகால் வரை என் கதைக்கு. கைபேசி அடுத்த அறையில் இருக்கும். தாளின் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் காட்சியும் வலப்பக்கம் வசனமுமாகக் கையால் எழுதுகிறேன். இடப்பக்கம் காலியாக இருந்து வலப்பக்கம் மட்டும் நிரம்பினால், தொடரின் பழக்கம் உள்ளே வந்துவிட்டது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். இத்தனை பக்கம் என்று கணக்கு வைப்பதில்லை. ஒரு காட்சி, அது அரைகுறையாக இருந்தாலும் ஒரு முடிவுவரை.

காட்சி வராத நாட்களில் கேட்டதை எழுதுகிறேன். சென்ற ஆண்டு ஒரு சான்றிதழுக்காக ஒரு வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் பலமுறை போக வேண்டியிருந்தது. வாசலில் வேப்பமரத்தடியில் மனு எழுதிக் கொடுக்கும் பெரியவர் ஒருவர் அமர்ந்திருப்பார். ஒரு மூதாட்டி அவரிடம் தன் அண்ணனைப் பற்றி, பிறந்த வீட்டைப் பற்றி, யார் யார் எந்தக் கல்யாணத்தில் என்ன பேசினார்கள் என்பதைப் பற்றி அரை மணி நேரம் சொன்னார். பெரியவர் குறுக்கே பேசவில்லை. கடைசியில் பேனாவைத் திறந்து, “ஆயா, இப்ப உங்களுக்கு என்ன வேணும், அதைச் சொல்லுங்க” என்றார். மூதாட்டி சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “பட்டாவுல எம் பேரும் இருக்கணும்” என்றார். மனுவில் அந்த ஒரு வரிதான் போயிற்று. அன்று இரவு தொடருக்கு நான் எழுதிய காட்சிகளில் எந்தப் பாத்திரத்திடமும் அந்தப் பெரியவரின் கேள்வியைக் கேட்க முடியவில்லை. கேட்டிருந்தால் பாதிப் பேரிடம் பதில் இருந்திருக்காது. மறுநாள் காலை என் திரைக்கதையை எடுத்து, ஒவ்வொரு காட்சியின் மேலும் பென்சிலால் அந்தக் கேள்வியை எழுதினேன். பதில் இல்லாத காட்சிகள் ஒன்பது இருந்தன.

இனி உங்கள் முடிவுக்கு வருகிறேன். அந்த அழைப்பை ஏற்றுக்கொள்ளுங்கள், ஓராண்டு என்று உங்களுக்குள் ஒரு வரையறை வைத்துக்கொண்டு. சேரும் முன்பே டைட்டில் கார்டில் உங்கள் பெயர் வருமா, ஊதியம் எபிசோடுக்கு இவ்வளவா, மாதத்துக்கு இவ்வளவா என்பதைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் கேட்கக் கூச்சப்பட்டதால் முதல் எட்டு மாதம் என் பெயர் திரையில் வரவில்லை. அது இன்றும் மனத்தை உறுத்துகிறது. உங்கள் பாதித் திரைக்கதையை முடித்ததும், யாரிடமும் கதை சொல்லப் போகும் முன், தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்துகொள்ளும் வழியைப் பாருங்கள். கதை விவாதங்களில் உங்கள் சொந்தக் கதையின் காட்சிகளை ஆர்வத்தில் எடுத்துச் சொல்லிவிடாதீர்கள். சொன்ன காட்சி அடுத்த வாரமே ஒளிபரப்பாகிவிடலாம், பிறகு அது உங்களுடையது என்று காட்ட வழியிருக்காது.

மனு எழுதுபவர் இப்போது என் மூன்றாவது திரைக்கதையின் மையத்தில் இருக்கிறார். இன்று காலைவரை 41 காட்சிகள் ஆகியிருக்கின்றன. நாளைக்கு எழுத வேண்டிய காட்சியில் மூதாட்டி மனுவோடு திரும்பி வருகிறார். அதில் சர்வே எண் தவறாக இருக்கிறது. தவறு அவர் சொன்னதிலா, பெரியவர் எழுதியதிலா என்பதை நான் இன்னும் முடிவு செய்யவில்லை.