ஐலைனர் ஏன் ஒரு மணி நேரத்தில் கலைந்துவிடுகிறது?

கேள்வி: எனக்கு 27 வயது. ஐலைனர் நன்றாக எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று பென்சிலால் இமையின் உள்விளிம்பிலும் சேர்த்தே தீட்டுகிறேன். ஒரு மணி நேரத்தில் கண்ணுக்குக் கீழே கறுப்பாக இறங்கிவிடுகிறது. வாட்டர்புரூஃப் வாங்கியும் பயனில்லை. மாலையில் கண் உறுத்தி நீர் வடிகிறது. காலையில் மூக்கோரம் கறுப்புப் பீளை இருக்கிறது. மை அழுத்தமாகவும் இருக்க வேண்டும், கலையவும் கூடாது. என்ன செய்யலாம்?

பதில்: போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்தக் கறுப்புப் பீளையில்தான் பாதி பதில் இருக்கிறது. முந்தின நாள் தீட்டிய மை எந்த வழியாகப் போனது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடுகிறது.

கண்ணாடி முன் நின்று கீழிமையைச் சற்றே கீழே இழுத்துப் பாருங்கள். இமைமுடிகளுக்கும் கண்ணுக்கும் நடுவே ஈரமான, மெல்லிய வரப்பு ஒன்று தெரியும். நல்ல வெளிச்சம் இருந்தால் அதில் ஊசி முனையளவுப் புள்ளிகள் வரிசையாக இருப்பதையும் பார்க்கலாம். அவை எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய்கள். 1666-ல் ஹைன்ரிஷ் மெய்போம் என்ற ஜெர்மானிய மருத்துவர் இவற்றை விவரித்து எழுதியதால் இன்றும் மெய்போமியன் சுரப்பிகள் என்கிறோம். மேலிமையில் 25 முதல் 40 வரையும், கீழிமையில் 20 முதல் 30 வரையும் இருக்கும். நாம் இமைக்கும்போது இவற்றிலிருந்து கசியும் எண்ணெய் கண்ணீரின் மேல் ஏடுபோலப் படர்ந்து, அது சட்டென்று ஆவியாகிவிடாமல் காக்கிறது. நீங்கள் பென்சிலால் பூசி மூடுவது இந்த வாய்களைத்தான்.

இதனால் மைக்கும் நட்டம், கண்ணுக்கும் நட்டம். பென்சிலில் இருப்பது பெரும்பாலும் மெழுகும் எண்ணெயும் நிறமியும். எண்ணெய் ஊறிக்கொண்டே இருக்கும் இடத்தில் அது பிடித்து நிற்காது. வாட்டர்புரூஃப் என்பது தண்ணீருக்குத்தான் காவல், எண்ணெய்க்கு அல்ல. சுரப்பியின் வாய் அடைபட்டால் கண்ணீர் சீக்கிரம் உலர்கிறது, உலர்ந்த கண் உறுத்துகிறது, உறுத்தலைத் தணிக்கக் கண் நீரைக் கொட்டுகிறது. “நீர்தான் வடிகிறதே டாக்டர், அப்புறம் எப்படி உலர்கண்?” என்று கேட்காதவர்கள் குறைவு. அப்படிப் பெருகும் நீர் மிச்சமிருக்கும் மையையும் இழுத்துக்கொண்டு போகிறது.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் இதை அளந்தே பார்த்தார்கள். உள்விளிம்பில் தீட்டியபோது, வெளியே தீட்டியதைவிட 15 முதல் 30 சதவீதம் அதிகமான துகள்கள் ஐந்தே நிமிடத்தில் கண்ணீர்ப் படலத்துக்குள் வந்துவிட்டன. இமைக்கும் ஒவ்வொரு முறையும் கண்ணீர் மூக்கோரத்து மூலைக்குத் தள்ளப்படுகிறது. அங்கே மேலும் கீழுமாக இரண்டு சிறு துளைகள் வழியே மூக்குக்குள் வடிகிறது. வடியாமல் தேங்கிய துகள்கள்தான் உங்கள் காலைப் பீளை. பல ஆண்டுகள் இப்படித் தீட்டியவர்களின் இமையைப் புரட்டிப் பார்த்தால், உட்புறச் சவ்வில் கறுப்புப் பொட்டுகள் பதிந்திருப்பதைச் சில சமயம் பார்க்கலாம்.

ஆகவே உள்விளிம்பை விட்டுவிடுங்கள். எடுப்பு குறைந்துவிடுமே என்ற கவலை வேண்டாம். மேலிமை முடிகளின் வேர்களுக்கு இடையில் தோல் வெளுப்பாகத் தெரிகிறதே, அந்த இடைவெளிகளை வெளிப்பக்கமிருந்து நிரப்பினாலே கண் அழுத்தமாகத் தெரியும். தடித்த கோட்டால்கூட அது வராது.

முதலில் இமையை நீரால் கழுவி, நன்றாக ஒற்றித் துடையுங்கள். மாய்சரைசரோ சன்ஸ்கிரீனோ இமையில் இருந்தால் எந்த மையும் வழுக்கும். முதல் நாள் இரவு மை கலைக்கப் பூசிய எண்ணெயின் மிச்சமும் அப்படியே. கண்ணாடியை முகவாய்க்குக் கீழே வைத்து, முழங்கையை மேசையில் ஊன்றி, பார்வையைத் தாழ்த்துங்கள். இமையைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்காதீர்கள்; கையை எடுத்ததும் கோடு சுருங்கிக் கோணலாகிவிடும். முடி வேர்களை ஒட்டிப் புள்ளி புள்ளியாக வைத்து, பிறகு இணையுங்கள். நீளும் வால் வேண்டுமென்றால் அதை மட்டும் கண்ணைத் திறந்து நேராகப் பார்த்தபடி வரையுங்கள்.

உங்களுக்குத் திரவ ஐலைனரே பொருந்தும் என்பது என் எண்ணம். அதிலுள்ள பாலிமர் காய்ந்து தோலோடு மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும். ஆனால் அது காயும்வரை, அரை நிமிடமாவது, கீழே பார்த்தபடியே இருக்க வேண்டும். பொறுக்காமல் நிமிர்ந்தால் இமை மடிப்பில் இன்னொரு கோடு அச்சாகிவிடும். தடிமனாக ஒரே பூச்சு பூசினால் விரிசல் விட்டு உதிரும். மெல்லியதாக இரண்டு பூச்சு நிற்கும். பென்சிலை விட மனமில்லை என்றால், தீட்டிய கோட்டின் மேல் அதே நிற ஐஷேடோத் தூளைச் சிறு பிரஷ்ஷால் ஒற்றுங்கள். மினுமினுப்புத் தூள் மட்டும் வேண்டாம். துகள் கண்ணுக்குள் விழுந்தால் கருவிழியைக் கீறும். கீழிமையில் வெளிமூலைப் பக்கத்து மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் தீட்டினால் போதும்.

கலைப்பதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். பஞ்சை ரிமூவரில் நனைத்து, மூடிய இமைமேல் 20 விநாடி வைத்து, பிறகு கீழ்நோக்கி வழித்தெடுங்கள். தேய்க்க வேண்டாம். அதன்பின் இமையைக் கழுவிவிடுங்கள். மையோடு தூங்கினால் இமை விளிம்பு அழற்சியும் கண்கட்டியும் வர வாய்ப்பு கூடும்.

இப்போதைக்கு இரண்டு வாரம் மை இல்லாமல் இருங்கள். தினமும் வெதுவெதுப்பான நீரில் பிழிந்த சுத்தமான துணியை மூடிய இமைமேல் ஐந்து முதல் பத்து நிமிடம் வையுங்கள். துணி ஆறினால் மறுபடி நனைத்து வையுங்கள். பழைய பென்சிலைக் குப்பையில் போடுங்கள். திரவ மையை மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள், யாருடனும் பகிராதீர்கள், காய்ந்துவிட்டதென்று நீரோ எச்சிலோ விட்டு இளக்காதீர்கள். கான்டாக்ட் லென்ஸ் அணிபவராக இருந்தால் லென்ஸைப் போட்ட பிறகு மை, லென்ஸைக் கழற்றிய பிறகு மை கலைப்பு.

இரண்டு வாரத்துக்குப் பிறகும் உறுத்தல் இருந்தால் கண் மருத்துவரிடம் இமை விளிம்பைக் காட்டுங்கள். வலி, பார்வை மங்கல், வெளிச்சம் பார்க்கக் கூசுவது, மஞ்சள் பீளை இவற்றில் ஒன்று வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அன்றே போங்கள், லென்ஸ் அணிந்திருந்தால் அதைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்கள்.