வாக்கிங் போனால் போதுமா? வயதுக்கேற்ற உடற்பயிற்சி: கேள்வி பதில்

ஓய்வு நேர உடற்பயிற்சி, விளையாட்டு பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, விளையாட்டுக் காயங்களையும் முதியோர் சிகிச்சையையும் பார்க்கிற பிசியோதெரபிஸ்ட் உறுப்பினர் ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி (52 வயது, திருச்சி): வணக்கம் டாக்டர். தினமும் காலையில் நண்பர்களோடு பூங்காவில் 45 நிமிடம் நடக்கிறேன். அது மட்டும் போதாது என்கிறார் மனைவி. நடைக்கு மேல் என்ன வேண்டும்?

பதில்: டாக்டர் இல்லை சார், பிசியோ. உங்கள் வீட்டம்மா சொல்வதுதான் சரி.

முதலில் வேகத்தைப் பாருங்கள். நடக்கும்போது பேச வர வேண்டும், பாட்டுப் பாட வரக்கூடாது. அரசியல் பேசிக்கொண்டு மூச்சு வாங்காமல் ஐந்து சுற்று வந்தால் அது உலாத்தல். 15 விநாடிக்கு எத்தனை எட்டு வைக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். 25 வந்தால் மித வேகம். இந்த வேகத்தில் வாரம் 150 முதல் 300 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். எல்லோரும் இதோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். வாரம் இரண்டு நாளாவது பெரிய தசைகள் எல்லாவற்றுக்கும் வலுப்பயிற்சி வேண்டும் என்பதும் அதே வழிகாட்டுதலில்தான் இருக்கிறது. நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது. ஆனால் வயதோடு கரைகிற தொடை, பிட்டத் தசைகளை அது காப்பாற்றாது.

வாரம் மூன்று நாள், நடை முடிந்ததும் பூங்காவிலேயே 15 நிமிடம் ஒதுக்குங்கள். பெஞ்சில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவது 10 முறை. சுவரில் கை வைத்துத் தண்டால் 10 முறை. ஒரு படியில் ஏறி இறங்குவது ஒவ்வொரு காலுக்கும் 10 முறை. குதிகாலைத் தூக்கி இறக்குவது 15 முறை. எல்லாவற்றையும் இரண்டு செட் செய்யுங்கள். கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருந்தால்தான் தசை வளரும். சுலபமாகிவிட்டால் தண்ணீர் பாட்டில்களைப் பையில் போட்டு முதுகில் மாட்டிக்கொள்ளுங்கள்.

இங்கே நடக்கிற தவறுகள் மூன்று. மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் ஏறும், அதனால் எழும்போது மூச்சை விடுங்கள். முழங்கால்கள் உள்பக்கம் சாயக்கூடாது. பெஞ்சில் தொப்பென்று விழக்கூடாது. மூன்று எண்ணி மெதுவாக உட்காருவதில்தான் பாதிப் பலன் இருக்கிறது.

அவரே மீண்டும்: நன்றி சார். பத்தாயிரம் ஸ்டெப்ஸ் கணக்கு?

பதில்: 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பரவிய எண் அது. மருத்துவ ஆய்வில் பிறந்தது அல்ல. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 6,000 முதல் 8,000 வரையிலும், அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு 8,000 முதல் 10,000 வரையிலும் பலன் ஏறிக்கொண்டே போய் அதன்பின் சமமாகிவிடுகிறது என்று பிந்தைய ஆய்வுகள் காட்டுகின்றன. இப்போது 3,000 நடப்பவர் 4,500-க்குப் போனாலே நல்ல லாபம்.

கேள்வி (4 வயதுப் பையனின் அம்மா): அடுக்குமாடி வீடு. வெளியே விட பயம். வீட்டுக்குள் ஓடுவது போதுமா?

பதில்: மூன்று, நான்கு வயதுக்கு ஒரு நாளைக்கு 180 நிமிட அசைவு வேண்டும். அதில் 60 நிமிடம் மூச்சிரைக்க ஓடியாட வேண்டும். ஹாலுக்குள் இந்த 60 நிமிடம் வராதும்மா. சாயங்காலம் ஒரு மணி நேரம் மொட்டை மாடியிலோ காம்பவுண்டிலோ பந்தும் ஒரு துணைப் பிள்ளையும் இருந்தால் போதும். மொட்டை மாடியென்றால் நீங்கள் கூடவே நிற்க வேண்டும். வகுப்பில் சேர்க்கிற வயது இது இல்லை.

கேள்வி (சேலம்): மகனுக்கு 12 வயது. வாரம் 6 நாள் கிரிக்கெட் கோச்சிங், வேகப்பந்து வீச்சாளர். ஒரு மாதமாக இடுப்புக்கு மேலே இடது பக்கம் வலி என்கிறான். கோச் தைலம் தேய்க்கச் சொன்னார்.

பதில்: வலக்கைப் பந்துவீச்சாளனா? அப்படியானால் தைலத்தை வைத்துவிட்டு, பந்து வீசுவதை இன்றே நிறுத்துங்கள். வீசும் கைக்கு எதிர்ப்பக்கம் கீழ்முதுகில் வலி, பின்னால் வளைந்தால் அது கூடுகிறது என்றால் முதுகெலும்பின் பின்வளைவில் அழுத்த விரிசல் இருக்கலாம். வேகப்பந்து வீசும்போது உடம்பு பின்னால் வளைந்து, ஒரு பக்கம் சாய்ந்து, திரும்புகிறது. முன்கால் தரையில் அறையும்போது மொத்த அதிர்வும் முற்றாத அந்த எலும்புக்குத்தான் போகிறது. ஆரம்ப விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். எம்.ஆர்.ஐ. தேவையா என்று விளையாட்டு மருத்துவரிடமோ எலும்பு மருத்துவரிடமோ கேளுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் சில மாத ஓய்வில் ஆறிவிடும். வலியோடு வீசிக்கொண்டே இருந்தால் விரிசல் ஒட்டாமலே நின்றுவிடும்.

ஆறிய பிறகு அளவோடு வீச வேண்டும். 13 வயது வரை ஒரு தடவையில் 5 ஓவர், ஒரு நாளில் 10 ஓவர் என்பது இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் வகுத்த வரம்பு. நம் ஊரில் மேட்ச் ஓவரை எண்ணுகிறார்கள், நெட்ஸில் போடுகிற நூறு பந்தை யாரும் எண்ணுவதில்லை. எலும்புக்கு இரண்டும் ஒன்றுதான். பையனின் வயது எத்தனையோ, வாரத்தில் அத்தனை மணி நேரத்துக்கு மேல் கோச்சிங் கூடாது. வருடத்தில் இரண்டு மூன்று மாதம் கிரிக்கெட்டை விட்டு நீச்சல், கால்பந்து என்று மாற்றிவிடுங்கள்.

கேள்வி (கும்பகோணம்): அக்கா மகளுக்கு 14 வயது. வயசுக்கு வந்த பிறகு கோ-கோ ஆட மாட்டேன் என்கிறாள். எப்போதும் அசதி.

பதில்: அசதி என்றதும் சோம்பேறி என்று சொல்லிவிடாதீர்கள். ஹீமோகுளோபின் பாருங்கள், இந்த வயதில் 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை. அடுத்தது, வெளியே சொல்லக் கூச்சப்படுகிற காரணம்: ஓடும்போது மார்பு வலிக்கும், கறை படுமோ என்ற பயமும் இருக்கும். அளவு சரியான ஸ்போர்ட்ஸ் பிராவும் அடர்நிற டிராக் பேன்ட்டும் வாங்கிக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். மாதவிலக்கு நாட்களில் விளையாடக்கூடாது என்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது. வலியிருந்தால் அன்று ஓய்வெடுக்கட்டும். எலும்பு வேகமாகச் சேர்கிற வருடங்கள் இவை. கோ-கோ வேண்டாமென்றால் தோழிகளோடு ஸ்கிப்பிங் தினம் பத்து நிமிடம் ஆடட்டும். எலும்புக்குக் குதிப்பதைப் போல நல்லது வேறில்லை.

கேள்வி (36 வயது, ஐ.டி., சோழிங்கநல்லூர்): ப்ரோ, வாரம் முழுக்க சீட்டில்தான். சனிக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் ஷட்டில். இது போதுமா? எங்கள் குரூப்பில் ஒருவருக்குக் குதிகால் நரம்பு அறுந்து ஆபரேஷன் ஆனதிலிருந்து பயமாக இருக்கிறது.

பதில்: இதயத்துக்குப் போதும். வாரத்தின் 150 நிமிடத்தை ஓரிரு நாளில் முடிப்பவர்களுக்கும் பலன் கிட்டத்தட்ட அதே அளவு கிடைப்பதாகப் பெரிய ஆய்வுகள் சொல்கின்றன. குதிகால் தசைநாருக்குத்தான் அந்தக் கணக்கு உதவாது. ஐந்து நாள் நாற்காலியில் சும்மா இருந்ததை ஆறாம் நாள் திடீரென்று பின்னால் தள்ளி முன்னால் பாயச் சொல்கிறோம். 30 முதல் 50 வயது ஆண்களுக்கு, அதுவும் ஷட்டில் கோர்ட்டில், இது அதிகம் அறுவது இதனால்தான். பெரும்பாலும் ஆட்டத்தின் கடைசியில், கெண்டைக்கால் களைத்த பிறகு அறுகிறது.

தடுக்க வழி உண்டு. வாரம் மூன்று நாள், படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, இரண்டு காலால் ஏறி ஒற்றைக் காலால் மூன்று எண்ணி இறங்குங்கள். முழங்காலை நீட்டி 15 முறை, லேசாக மடக்கி 15 முறை. மடக்கும்போது கெண்டைக்காலின் உள்ளடுக்கில் இருக்கும் சோலியஸ் தசைக்கு வேலை போகிறது, பலரும் விட்டுவிடுவது இதைத்தான். மொத்தம் மூன்று செட். பலன் தெரிய 12 வாரம் ஆகும். ஆட்டத்துக்கு முன் பத்து நிமிடம் மெதுவோட்டம், பக்கவாட்டு நகர்வு, சின்னக் குதிப்புகள். நின்ற இடத்தில் காலை இழுத்துப் பிடிப்பது வார்ம்-அப் ஆகாது.

ஓட்டத்துக்கான மெத்தென்ற ஷூவோடு ஷட்டில் ஆடாதீர்கள். குதிகால் உயரமாக இருப்பதால் பக்கவாட்டில் பாயும்போது கணுக்கால் மடங்கும். தட்டையான ரப்பர் அடிப்பாகம் உள்ள கோர்ட் ஷூ வேண்டும்.

யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி ‘டப்’பென்று கேட்டு, திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை என்றால் ஆட்டத்தை விடுங்கள். குப்புறப் படுத்துக் கெண்டைக்காலைப் பிறர் அமுக்கும்போது பாதம் அசையவில்லையென்றால் அறுந்திருக்கிறது. அன்றைக்கே எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும். பாதத்தை அசைக்க முடிகிறதே என்று சுளுக்கு வழிப்பவரிடம் போய் வாரங்களைத் தொலைப்பவர்கள் உண்டு. வேறு தசைகளும் பாதத்தை அசைக்கும், அதை நம்பக்கூடாது.

கேள்வி (41 வயது, திருப்பூர்): பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, பத்து மணி நேரம் நின்றபடியே. வீட்டுக்கு வந்தால் சமையல், துணி. இதுக்கு மேலயும் எக்சர்சைஸா அண்ணா?

பதில்: நியாயமான கேள்விம்மா. 1953-இல் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் லண்டன் மாடிப் பேருந்துகளில் ஆய்வு செய்தார். உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, நாளெல்லாம் படியேறி இறங்கிய கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. ஆக வேலையும் உடற்பயிற்சியாகலாம், மூச்சு வாங்க வைத்தால். ஒரே இடத்தில் நிற்பது அப்படி இல்லை. கால் வீங்கும், நரம்பு சுருளும், இதயத்துக்குப் பயிற்சி கிடைக்காது. ஓய்வில்லாத கடும் உடலுழைப்பு இதயத்துக்குப் பாரமாகவே இருக்கலாம் என்று டென்மார்க் ஆய்வுகளும் சொல்கின்றன.

உங்களுக்கு ஒரு மணி நேரத் திட்டம் கொடுப்பது அநியாயம். வேலையிடத்தில் மணிக்கு ஒருமுறை 20 தடவை குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். வாரம் மூன்று நாள், பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு வருவதைப் பத்து நிமிட வேக நடையாக்குங்கள். ராத்திரி சுவரோரம் காலை உயர்த்திப் பத்து நிமிடம் படுங்கள். இந்தக் கடைசியைத்தான் முதலில் செய்ய வேண்டும். அந்தப் பத்து நிமிடம் துணியை வேறு யாராவது மடிக்கட்டும்.

கேள்வி (29 வயது, பிரசவமாகி 5 வாரம்): சுகப்பிரசவம். மூன்று மாதம் அசையக்கூடாது என்கிறார் அத்தை. வயிற்றில் துணியும் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள்.

பதில்: ஓய்வு கொடுப்பது நல்ல வழக்கம்தான், அத்தையோடு சண்டை வேண்டாம். ஆனால் படுத்தே இருந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து கூடும். வீட்டுக்குள் ஐந்து நிமிடத்தில் தொடங்கி நடையைக் கூட்டுங்கள். துணி ஆதரவாக இருக்கலாம், மூச்சு முட்ட இறுக்கினால் அழுத்தம் கீழே இறங்கி இடுப்புத்தளத் தசையைத் தள்ளும். அந்தத் தசைக்குத்தான் இப்போது பயிற்சி: சிறுநீரையும் வாயுவையும் சேர்த்து அடக்குவதுபோல் மேலே இழுத்து 5 விநாடி, விட்டு 5 விநாடி. பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. வயிறு குறைய வேண்டுமென்று சிட்-அப் இப்போது வேண்டாம். ஓட்டமும் குதிப்பும் 12 வாரத்துக்குப் பிறகு, தும்மினால் சிறுநீர் கசியவில்லை என்றால் மட்டும். ரத்தப்போக்கு திடீரெனக் கூடினாலோ ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ உடனே மருத்துவமனை.

கேள்வி (58 வயது, மதுரை): மூட்டுத் தேய்மானம். நடக்க நடக்க இன்னும் தேயுமாமே?

பதில்: தேயாதும்மா. தொடை வலுவிழந்தால்தான் மூட்டு பாரம் தாங்காமல் வலி கூடும். முழங்காலுக்குக் கீழே டவலைச் சுருட்டி வைத்து 5 விநாடி அழுத்திப் பிடியுங்கள், ஒரு வேளைக்குப் பத்து முறை. இரண்டு வாரம் கழித்து உயரமான நாற்காலியில் உட்கார்ந்து எழுங்கள். பத்துக்கு நான்கு அளவு வலி வரலாம். மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் அளவு சரி, அடங்காவிட்டால் பாதியாகக் குறையுங்கள். உடம்பு ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு எட்டிலும் மூட்டின் மேல் சுமார் நான்கு கிலோ பாரம் குறைகிறது.

கேள்வி (61 வயது, கோவை): சர்க்கரை 14 வருடம். பூங்காவில் கூழாங்கல் பதித்த எட்டு வடிவப் பாதையில் வெறுங்காலோடு நடந்தால் சர்க்கரை இறங்கும் என்கிறார்கள்.

பதில்: நடப்பதால் இறங்கும். கல்லாலும் எட்டாலும் இல்லை. 14 வருடச் சர்க்கரையில் பாத உணர்ச்சி குறைந்திருக்கலாம். கல் குத்துவது தெரியாது, கொப்புளம் தெரியாது, புண்ணாகிச் சீழ் வைத்த பிறகுதான் தெரியும். எட்டு போடுங்கள், மூடிய ஷூவும் பருத்தி சாக்ஸும் போட்டுக்கொண்டு. வீட்டுக்கு வந்ததும் விரலிடுக்கு, உள்ளங்கால் எல்லாம் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

நேரத்தையும் மாற்றிப் பாருங்கள். நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழக ஆய்வில், மூன்று வேளையும் சாப்பிட்ட பின் பத்து நிமிடம் நடந்தவர்களுக்கு, ஒரே தடவையாக அரை மணி நடந்தவர்களைவிட உணவுக்குப் பின் சர்க்கரை குறைவாக இருந்தது. இரவு உணவுக்குப் பிறகு வித்தியாசம் அதிகம். இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுத்தால், கிளம்பும்போது 90-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சட்டைப் பையிலும் கொஞ்சம் இருக்கட்டும்.

கேள்வி (திருநெல்வேலி): அம்மாவுக்கு 74. போன வருடம் பாத்ரூமில் வழுக்கினார். அதிலிருந்து பயத்தில் நடையையே குறைத்துவிட்டார். என்ன செய்யச் சொல்லலாம்?

பதில்: அந்தப் பயம்தான் அடுத்த விழுகைக்குக் காரணமாகிறது. நடை குறைய வலு குறையும், வலு குறையத் தடுமாற்றம் கூடும்.

இன்றைக்கே ஒரு சோதனை செய்யலாம். 43 செ.மீ. உயர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் குறுக்காக வைத்து, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்காருகிறார் என்று எண்ணுங்கள். 70 முதல் 74 வயதுப் பெண்ணுக்கு 10-க்குக் குறைந்தால் கால் வலு போதாது. பிறகு, ஒரு பாதத்தின் குதிகாலை மறு பாதத்தின் விரல் நுனியில் ஒட்டி வைத்து நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்திலேயே இருங்கள். 10 விநாடி நிற்க முடியாவிட்டால் விழும் வாய்ப்பு அதிகம்.

பயிற்சியை வாரம் மூன்று நாள், சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு செய்யலாம். நாற்காலியில் எழுந்து உட்காருவது, குதிகால் உயர்த்துவது, பக்கவாட்டில் பத்து எட்டு, பாதத்துக்கு முன் பாதம் வைத்துப் பத்து எட்டு. முதலில் இரண்டு கை பிடிமானம், பிறகு ஒரு கை, பிறகு ஒரு விரல். கொஞ்சம் ஆட்டம் இருந்தால்தான் சமநிலை பழகும். கெட்டியாகப் பிடித்துக்கொண்டே செய்தால் பலனில்லை.

தரையிலிருந்து எழவும் பழக்குங்கள், பயம் போக இதுவே சிறந்த வழி. மல்லாந்த நிலையிலிருந்து ஒருக்களித்து, முழங்கையை ஊன்றித் தவழும் நிலைக்கு வர வேண்டும். நாற்காலி வரை தவழ்ந்து இரண்டு கையையும் அதில் வைத்து, வலுவான காலின் பாதத்தை முன்னே ஊன்றி, தள்ளி எழுந்து, திரும்பி உட்கார வேண்டும். முதல் சில நாள் நீங்கள் பின்னால் இடுப்பைப் பிடித்திருங்கள். எலும்பு முறிவோ மூட்டு மாற்று அறுவையோ ஆகியிருந்தால் நேரில் ஒரு பிசியோவைப் பார்த்த பிறகு தொடங்குங்கள்.

பாத்ரூமில் ஆணியடித்த டவல் கம்பி கைப்பிடி ஆகாது, ஆள் பாரத்தில் பெயர்ந்துவிடும். சுவரில் ஆங்கர் போல்ட் வைத்துப் பொருத்திய கைப்பிடி வேண்டும். தலைசுற்றல் இருந்தால் பிரஷர் மாத்திரையின் அளவை மருத்துவரிடம் சொல்லிப் பாருங்கள். கண்புரையும் பார்க்க வேண்டும்.

கேள்வி (சென்னை): மே மாதம் என்ன செய்வது? காலை ஏழு மணிக்கே உருகுகிறது.

பதில்: ஆறரைக்குள் முடித்துவிடுங்கள், இல்லையென்றால் வலுப்பயிற்சியை ஃபேனுக்கடியில் வைத்துக்கொண்டு நடையை ராத்திரிக்கு மாற்றுங்கள். சென்னையில் ஈரப்பதம் அதிகம் என்பதால் வியர்வை காயாது, உடம்பு குளிராது. வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். தலைவலி, குமட்டல், தடுமாற்றம் வந்தால் நிழலில் உட்கார்ந்து, ஈரத்துணியால் கழுத்தையும் அக்குளையும் துடையுங்கள். பேச்சு குழறினால் 108.