ஊருணித் தண்ணீரும் போர் தண்ணீரும்

அன்புள்ள ஐயா,

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் மகள் எட்டாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். இன்னும் மூன்று வாரத்தில் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. ‘எந்தத் தண்ணீரில் பயிர் நன்றாக வளரும்?’ என்று ஒரு சோதனை செய்தாள். இரண்டு பேப்பர் கப்பில் ஒரே மண், பத்துப் பத்துப் பாசிப்பயறு. ஒன்றுக்கு ஊருணித் தண்ணீர், மற்றதற்கு போர் தண்ணீர், தினமும் காலையில் மூன்று ஸ்பூன். ஊருணித் தண்ணீர்க் குடம் முற்றத்துப் பக்கம் இருப்பதால் அந்தக் கப்பை அங்கேயே வைத்தாள். போர் குழாய் அடுப்படியில் இருக்கிறது. அதனால் அந்தக் கப் அடுப்படி அலமாரிக்குள் இருந்தது. நேற்று ஏழாம் நாள். அளந்து பார்த்தால் ஊருணிக் கப்பில் 8 சென்டிமீட்டர், போர் கப்பில் 15 சென்டிமீட்டர்.

‘போர் தண்ணீரே சிறந்தது’ என்று எழுதிக்கொண்டு போனாள். டீச்சர், “இதில் கன்ட்ரோல் குரூப் எது?” என்று கேட்டிருக்கிறார். இவள், “மூன்று ஸ்பூன் தண்ணீர்” என்றாளாம். தப்பு என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து ஒரே அழுகை. அவளுடைய அப்பத்தாவோ, “ஊருணித் தண்ணியிலதான் பருப்பே வேகும், பயிரு வளராதா?” என்று கேட்கிறார். புத்தகத்தைப் புரட்டினேன். சார்பற்ற மாறி, சார்ந்த மாறி, கட்டுப்பாட்டு மாறி, கட்டுப்பாட்டுக் குழு என்று போகிறது, எனக்கே தலை சுற்றுகிறது. எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

ஒரு வாசகி

---

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மகளிடம் ஒன்று சொல்லுங்கள். அவள் அளந்தது பொய்யில்லை. அந்தக் கப்பில் பயிர் நிஜமாகவே 15 சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறது. அந்த நோட்டுப் பக்கத்தைக் கிழிக்க விடாதீர்கள்.

இப்போது அந்தக் கப்பை எடுத்துக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். தண்டு வெளிறி, நூல் மாதிரி மெலிந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். இலை சின்னதாக, மஞ்சளாக இருக்கும். முற்றத்துப் பயிர் குட்டையாக இருந்தாலும் தண்டு தடித்து, இலை விரிந்து, பச்சையாக நிற்கும். இருட்டில் முளைக்கிற எந்தப் பயிரும் இப்படித்தான் செய்யும். வெளிச்சத்தைத் தேடிக்கொண்டு, விதைக்குள் இருக்கிற உணவையெல்லாம் தண்டை நீட்டவே செலவழிக்கும். அந்த இருப்பு தீர்ந்தால் செடி செத்துவிடும். ஆக, 15 சென்டிமீட்டருக்குக் காரணம் பெரும்பாலும் அலமாரியின் இருட்டு. தண்ணீருக்கும் அதில் பங்கு உண்டா என்று இந்தச் சோதனையை வைத்துச் சொல்லவே முடியாது. ஏனென்றால் இரண்டு கப்புக்கும் நடுவில் தண்ணீரும் வேறு, வெளிச்சமும் வேறு.

பெயர்களைப் பிறகு பார்ப்போம். அப்பத்தா சொன்ன பருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்வது உண்மை. போர் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம் இருந்தால் பருப்பு வேகத் தாமதமாகும். ஒருவர் நம்ப மறுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம், அப்பத்தா எப்படி நிரூபிப்பார்? ஒரே டப்பாவிலிருந்து ஆழாக்கு ஆழாக்காகப் பருப்பை அளப்பார். ஒரே மாதிரி இரண்டு பாத்திரம், ஒரே அளவு தண்ணீர், ஒரே அளவு தீ. ஒன்றில் ஊருணித் தண்ணீர், ஒன்றில் போர் தண்ணீர். எது எத்தனை நிமிஷத்தில் மசிகிறது என்று கரண்டியால் நசுக்கிப் பார்ப்பார். அவ்வளவுதான். அவர் தன் கையால் மாற்றியது தண்ணீரின் வகை, அதுதான் சார்பற்ற மாறி. கரண்டியோடு காத்திருந்து பார்த்தது வேகும் நேரம், அது சார்ந்த மாறி. பருப்பு, பாத்திரம், தண்ணீரின் அளவு, தீ என்று மாறவிடாமல் பிடித்துவைத்ததெல்லாம் கட்டுப்பாட்டு மாறிகள். மகளிடம் ‘நீ எதை மாற்றினாய்? எதை அளந்தாய்? எதையெல்லாம் மாறாமல் பார்த்துக்கொண்டாய்?’ என்று இந்த வரிசையில் கேளுங்கள். பெயர் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது டீச்சர் கேட்ட கேள்வி. இருபது வருஷம் அறிவியல் நடத்தியவன் என்பதால் சொல்கிறேன், பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுகிற இடம் இதுதான். கன்ட்ரோல் வேரியபிள், கன்ட்ரோல் குரூப் இரண்டிலும் ‘கன்ட்ரோல்’ இருக்கிறது, தமிழிலும் இரண்டுக்கும் ‘கட்டுப்பாடு’ என்றே வைத்துவிட்டோம். ஆனால் இரண்டும் வேறு வேறு சாதி. குழு என்றால் விரலை நீட்டிக் காட்டலாம்: அந்தக் கப், இந்தத் தொட்டி, அந்த வரிசையில் நிற்கிற பத்துக் கோழி. மாறி அப்படியில்லை. அது அந்தக் கப்பைப் பற்றிய ஒரு விவரம்: எவ்வளவு தண்ணீர், என்ன தண்ணீர், எத்தனை மணி நேர வெயில், எவ்வளவு உயரம். மூன்று ஸ்பூன் என்பது அருமையான கட்டுப்பாட்டு மாறி. டீச்சர் கேட்டது கப்பை, இவள் சொன்னது கப்புக்குள் ஊற்றியதன் அளவை. இதைச் சொன்னால் அவள் அழுகை பாதி அடங்கிவிடும். வகுப்பில் நான் கன்ட்ரோல் குரூப்பை ‘ஒப்பீட்டுக் குழு’ என்றே சொல்வேன். எதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோமோ அது.

சரி, மகளின் சோதனையில் ஒப்பீட்டுக் குழு எது? ‘எதுவும் செய்யாத குழுதான் கன்ட்ரோல்’ என்று சிலர் மனப்பாடமாகச் சொல்வார்கள். அதை அப்படியே கேட்டால், தண்ணீரே ஊற்றாத ஒரு கப் வைக்க வேண்டியிருக்கும். அதில் பயறு முளைக்காது, அதற்குச் சோதனையே தேவையில்லை. உங்கள் வீட்டில் வழக்கமாகச் செடிக்கு ஊற்றுவது ஊருணித் தண்ணீர், புதிதாகச் சோதிப்பது போர் தண்ணீர் என்றால், ஊருணிக் கப் ஒப்பீட்டுக் குழு, போர் கப் சோதனைக் குழு. பஞ்சகவ்யம் போட்டால் செடி நன்றாக வளருமா என்பது கேள்வியாக இருந்தால், ஒப்பீட்டுத் தொட்டிக்கு வெறும் தண்ணீர். அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பஞ்சகவ்யத்தைத் தண்ணீரில் கலந்து ஒரு டம்ளர் ஊற்றினால், இதற்கும் அதே ஒரு டம்ளர் ஊற்ற வேண்டும். இல்லையென்றால் பஞ்சகவ்யத்தால் வளர்ந்ததா, கூடுதல் தண்ணீரால் வளர்ந்ததா என்று மறுபடி அதே குழப்பம்.

மகளுக்கு ஏற்பட்டது பெரிய விஞ்ஞானிக்கும் ஏற்பட்டிருக்கிறது. அரிசி தின்கிற ஊர்க்காரர்களான நாம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை அது. எய்க்மான் என்ற டச்சு மருத்துவர், 1890-ஐ ஒட்டிய வருஷங்களில், ஜாவாவில், கால்களை முடக்கிப்போடும் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். காரணம் ஒரு கிருமி என்பது அவர் எண்ணம். ஆய்வுக்காக வளர்த்த கோழிகளுக்குத் திடீரென்று கால் விழுந்தது, பெரிபெரி மாதிரியே. கிருமி கொடுத்த கோழி, கொடுக்காத கோழி என்ற வித்தியாசமே இல்லை. பிறகு ஒரு நாள் எல்லாம் தானாகத் தேறிவிட்டன. விசாரித்தால் விஷயம் சமையற்கட்டில் இருந்தது. கோழிகளுக்குச் சில மாதம் ஆஸ்பத்திரியில் மிஞ்சிய தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு போட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த சமையல்காரர் அதைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட, மறுபடி தவிடு நீக்காத அரிசி. கிருமியைக் கவனித்துக்கொண்டிருந்தவரின் கண்ணில் படாமல் தீனி மாறியிருந்தது. அப்புறம் அவர் தீனியையே வேண்டுமென்று மாற்றிப் பார்த்தார். ஒரு கூட்டத்துக்குத் தீட்டிய அரிசி, இன்னொன்றுக்குத் தீட்டாதது. முதல் கூட்டம்தான் விழுந்தது. தவிட்டில் இருந்த சத்துக்கு வைட்டமின் என்று பெயர் வந்ததெல்லாம் பின்னால். 1929-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒப்பீட்டுக் கோழிகளும் சேர்ந்து விழுந்ததால்தான் கிருமி மேல் இருந்த நம்பிக்கை ஆடியது. ஒப்பீட்டுக் குழு இல்லாமல் இருந்திருந்தால் அவர் கிருமியையே பிடித்துக்கொண்டு இருந்திருப்பார்.

கண்காட்சிக்கு மூன்று வாரம் இருக்கிறதே, திரும்பச் செய்ய நேரம் தாராளமாக இருக்கிறது. எல்லாக் கப்பையும் முற்றத்தில் ஒரே இடத்தில் வையுங்கள். ஒவ்வொரு தண்ணீருக்கும் ஒரு கப் போதாது, மூன்று மூன்று வையுங்கள். ஒரு கப்பில் சொத்தைப் பயறு இரண்டு விழுந்துவிட்டால் அதை வைத்து முடிவு கட்டக் கூடாது, மூன்றின் சராசரியைப் பார்க்க வேண்டும். கப் மேல் மார்க்கர் பேனாவால் ‘ஊ’, ‘போ’ என்று எழுதட்டும். உயரத்தை மட்டும் அளக்க வேண்டாம் என்பது என் கருத்து. உயரம் எப்படி ஏமாற்றும் என்று இந்தத் தடவை பார்த்துவிட்டீர்கள். எத்தனை பயறு முளைத்தது, எத்தனை இலை, என்ன நிறம் என்பதையும் தினமும் குறிக்கட்டும்.

அப்பத்தாவுக்குச் சாதகமாக வரவில்லை என்றாலும் வந்ததை எழுதச் சொல்லுங்கள். வித்தியாசமே இல்லை என்று வந்தாலும் அது ஒரு விடைதான்.

அலமாரிக் கப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதே போர் தண்ணீரை அதே மூன்று ஸ்பூன் ஊற்றி, இன்றைக்கே முற்றத்துக்கு மாற்றுங்கள். இரண்டு மூன்று நாளில் அந்த மஞ்சள் இலை பச்சை பிடிக்கத் தொடங்கும். அப்போது மகளைக் கூப்பிட்டு, இந்தத் தடவை நீ மாற்றியது எது, மாற்றாமல் வைத்தது எது என்று கேளுங்கள். போன வாரம் அவள் மாற்றிய தண்ணீர், இப்போது மாறாமல் இருக்கிற பக்கத்துக்கு வந்துவிட்டதை அவளே சொல்வாள்.

அன்புடன்.