12.3ல் ஓடும் மகளுக்கு அடுத்த நான்கு ஆண்டுகள்

கேள்வி: பதினாறு ஆண்டுகளாக ஜமைக்காவின் கிங்ஸ்டனில் இருக்கிறோம். மகள் இங்கேயே பிறந்தவள். வயது 14, ஒன்பதாம் வகுப்பு. 100 மீட்டரை 12.3ல் ஓடுகிறாள். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகை கிடைக்கும் என்கிறார் பள்ளிப் பயிற்சியாளர். படிப்பு கெட்டுவிடும் என்று அவள் அப்பா பயப்படுகிறார். இருவரில் யார் பேச்சைக் கேட்பது?

பதில்: உங்கள் கடிதத்தில் 12.3 என்று ஒரே ஒரு தசம இலக்கம்தான் இருக்கிறது. அதனால் ஸ்டாப்வாட்சில் எடுத்த நேரம் என்றே கொள்கிறோம். மின்னணுக் கடிகாரம் துப்பாக்கி வெடித்த கணத்திலேயே ஓடத் தொடங்கிவிடும். கையில் ஸ்டாப்வாட்ச் பிடித்தவரோ புகையைப் பார்த்து விரலை அழுத்துவதற்குள் கால் நொடி போய்விடுகிறது. முடிவுக்கோட்டில் அந்தத் தாமதம் இருக்காது, ஓட்டக்காரர் வருவதை முன்கூட்டியே பார்த்துவிடுகிறார். ஆகவே 100 மீட்டரில் கைநேரத்தோடு 0.24 வினாடி கூட்டித்தான் ஒப்பிட வேண்டும். உங்கள் மகளின் நேரம் 12.54 என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றளவும் வேண்டும். முதுகுப் பக்கமிருந்து வீசும் காற்று வினாடிக்கு 2.0 மீட்டரைத் தாண்டினால் அந்த நேரம் சாதனைக்கோ தகுதிக்கோ செல்லாது. அமெரிக்கப் பயிற்சியாளர்கள் இந்த இரண்டு எண்களையும் சேர்த்துத்தான் கேட்பார்கள். இன்றே ஒரு நோட்டு போடுங்கள்: தேதி, போட்டி, எந்தச் சுற்று, நேரம், காற்று, எந்த லேன். நான்கு ஆண்டு கழித்து அந்த நோட்டின் மதிப்பு தெரியும்.

14 வயது நேரத்தை வைத்துப் பெரிய கணக்குப் போடாதீர்கள். 2016லும் டோக்கியோவிலும் 100, 200 இரண்டிலும் ஒலிம்பிக் தங்கம் வென்ற எலேன் தாம்சன் ஹேரா, பள்ளி நாட்களில் சாம்பியன்ஸ் என்ற ஜமைக்கப் பள்ளித் தடகளப் போட்டியின் தனிநபர் ஓட்டங்களில் எட்டிய உயர்ந்த இடம் நான்காவதுதான். பிறகு அவர் 100 மீட்டரை 10.54ல் ஓடினார். பெண் பிள்ளைகள் பலருக்கு 14க்கும் 17க்கும் இடையில் உடல் மாறும்போது நேரம் அப்படியே நின்றுவிடும். சிலருக்குப் பின்னாலும் போகும். அந்த ஆண்டுகளில் எடையைக் குறைக்கச் சொல்லும் பேச்சு யாரிடமிருந்து வந்தாலும் தடுத்து நிறுத்துங்கள். சாப்பாடு குறைந்தால் முதலில் மாதவிடாய் தவறும், அடுத்து எலும்பில் கீறல் விழும். மூன்று மாதம் மாதவிடாய் வராவிட்டால் டாக்டரிடம் போக வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை ஹீமோகுளோபினோடு, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் சோதியுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே இரும்புச் சேமிப்பு தீர்ந்துபோவது ஓடும் பெண்களிடம் சகஜம்.

நாங்கள் அதிகம் கவலைப்படுவது பள்ளி சீசனைப் பற்றித்தான். ஜமைக்காவில் பள்ளித் தடகளம் வாரக்கடைசி விளையாட்டு இல்லை என்பது உங்களுக்கே தெரியும். 1910லிருந்து நடக்கும் சாம்பியன்ஸ் போட்டிக்கு மார்ச்சில் நேஷனல் ஸ்டேடியமே நிரம்பி வழியும். பள்ளியின் மானம் புள்ளிப் பட்டியலில் தொங்கும். அந்தப் புள்ளிகளைத் தேடித் தருவது உங்கள் மகளின் கால்கள். 100ல் ஹீட், செமி, ஃபைனல் என்று மூன்று ஓட்டம், 200ல் மூன்று, ரிலேயில் இரண்டு. ஐந்து நாளில் முழு வேகத்தில் எட்டு ஓட்டம். பிப்ரவரிக் கடைசியில் கிப்சன் மெக்குக் ரிலே, ஈஸ்டருக்குக் காரிஃப்டா என்ற கரீபிய இளையோர் போட்டி, ஏப்ரல் கடைசியில் பிலடெல்ஃபியாவில் பென் ரிலே. அது முடிந்த கையோடு மே மாதம் பதினோராம் வகுப்புப் பொதுப் பரீட்சையான சிசெக் தொடங்கிவிடும். பதினோராம் வகுப்பில் இந்த எல்லாம் ஒரே நான்கு மாதத்துக்குள் வந்து நிற்கும்.

பயிற்சியாளரைச் சந்தித்து மரியாதையாக, ஆனால் தெளிவாகப் பேசுங்கள்: இந்த ஆண்டு ஒரு தனிநபர் ஓட்டம், ஒரு ரிலே, அவ்வளவுதான். நல்ல பயிற்சியாளர் ஒத்துக்கொள்வார். தொடைப் பின்தசை கிழிவது பெரும்பாலும் முழு வேகத்தில், முன்னால் வீசிய கால் தரையைத் தொடப்போகும் அந்தக் கணத்தில்தான். களைத்த தசை அந்த இழுப்பைத் தாங்காது. முந்தைய நாள் ஓட்டத்துக்குப் பிறகு “பின்னால ஒரு மாதிரி பிடிக்குது” என்று அவள் சொன்னால், மறுநாள் ஃபைனல் இருந்தாலும் ஓட விடாதீர்கள். லேசான பிடிப்பு ஒரு வாரத்தில் சரியாகும். கிழிந்தால் ஆறு வாரம், சில சமயம் அதற்கும் மேல். ஒருமுறை கிழிந்த இடம் மறுபடி கிழியும் வாய்ப்பும் அதிகம்.

இனி 18 வயதில் வரும் முடிவு. அமெரிக்கா போவதா, ஜமைக்காவிலேயே இருப்பதா என்று வீட்டில் சண்டை வேண்டாம். இரண்டு வழியிலும் தங்கம் வந்திருக்கிறது.

இருந்தவர் ஷெல்லி ஆன் ஃப்ரேசர் பிரைஸ். கிங்ஸ்டனின் வாட்டர்ஹவுஸில் வளர்ந்தவர். வோல்மர்ஸ் பெண்கள் பள்ளியில் படித்து, உள்ளூர் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துகொண்டே எம்விபி என்ற தடகளக் கிளப்பில் ஸ்டீஃபன் பிரான்சிஸிடம் பயிற்சி பெற்றார். 2008லும் 2012லும் 100 மீட்டர் ஒலிம்பிக் தங்கம், உலகப் போட்டி 100 மீட்டரில் மட்டும் ஐந்து தங்கம். 2012ல் குழந்தை, வளரிளம் பருவ வளர்ச்சித் துறையில் பட்டம் வாங்கினார். படிப்பு கெட்டுவிடும் என்று பயப்படும் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். திறமையுள்ளவர்கள் எல்லாரும் அமெரிக்கா போய்த்தான் ஆக வேண்டுமா என்ற கேள்வியோடு 1999ல் தொடங்கிய கிளப் அது. அமெரிக்கக் கல்லூரி சீசனின் ஓயாத ஓட்டம் இல்லாமல், கோடைப் பெரும்போட்டியை மனதில் வைத்து உடலைத் தயார் செய்யலாம் என்பது அங்கே பெரிய லாபம். பணம் குறைவு, முதல் சில ஆண்டுகள் குடும்பம்தான் தாங்க வேண்டும்.

போனவர் ஜூலியன் ஆல்ஃபிரெட். செயின்ட் லூசியாவிலிருந்து 14 வயதில், அதாவது உங்கள் மகளின் வயதில், தனியாக ஜமைக்காவுக்கு வந்து செயின்ட் கேத்தரின் பள்ளியில் படித்தார். அங்கிருந்து டெக்சஸ் பல்கலைக்கழகம். 2023ல் கல்லூரி உள்ளரங்கப் போட்டியில் 60 மீட்டரை 6.94ல் ஓடினார். 2024 ஆகஸ்ட் 3 அன்று பாரிசில் மழையில் நனைந்த தடத்தில் 10.72 ஓடித் தன் தீவுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தையே தங்கமாகக் கொண்டுபோனார். கல்லூரியில் சேர்ந்து பாரிஸ் வரை ஒரே பயிற்சியாளர், எட்ரிக் ஃப்ளோரியல். பல்கலைக்கழகத்தின் பெயரைவிட இதைத்தான் நாங்கள் முக்கியமாக நினைக்கிறோம். சேரும் முன் கேளுங்கள்: அந்தப் பயிற்சியாளர் அங்கே எத்தனை ஆண்டாக இருக்கிறார், வெளியிலிருந்து வந்த ஓட்டக்காரிகள் எத்தனை பேர் அவரிடம் நான்கு ஆண்டு முடித்துப் பட்டம் வாங்கினார்கள், எத்தனை பேர் இரண்டாம் ஆண்டிலேயே காயத்தோடு வீடு திரும்பினார்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள்.

உதவித்தொகை என்றாலே முழுச் செலவும் என்று நினைத்துவிடாதீர்கள். தடகளத்தில் பாதி, கால் பங்கு என்று பிரித்துக் கொடுப்பது நெடுங்கால வழக்கம். 2025லிருந்து புதிய ஏற்பாட்டில் சேர்ந்த பல்கலைக்கழகங்களில் அணிக்கு 45 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. முழு உதவி தர இடமுண்டு, ஆனால் அணியில் இடம் கிடைப்பது இறுகிவிட்டது. எழுத்தில் வாங்க வேண்டியவை: கட்டணத்தில் எவ்வளவு, தங்கும் இடம், சாப்பாடு, புத்தகம், காய சிகிச்சைக் காப்பீடு, ஒரு ஆண்டுக்கா நான்கு ஆண்டுக்கா, காயமானால் தொடருமா. வாய்மொழி வாக்குறுதியை நம்பி விமானம் ஏற்றாதீர்கள். மாணவர் விசாவான எஃப்-1ல் இருப்பவர் வளாகத்துக்கு வெளியே சம்பாதிக்கக் கடும் கட்டுப்பாடு உண்டு. அமெரிக்கத் தோழி விளம்பரத்தில் நடித்துப் பணம் வாங்குகிறாளே என்று இவளும் கையெழுத்துப் போட்டால் விசாவுக்கே ஆபத்து.

மார்க் போதாவிட்டால் இரண்டாண்டுக் கல்லூரி என்று ஒரு வழி இருக்கிறது. அதைக் கேவலமாக நினைக்காதீர்கள். வெரோனிகா கேம்பல் பிரவுன் கன்சாஸில் பார்டன் கவுண்டி கல்லூரியில் தொடங்கி, ஆர்கன்சா பல்கலைக்கழகம் போய், 2004லும் 2008லும் 200 மீட்டர் ஒலிம்பிக் தங்கம் வென்றார்.

அதே வெரோனிகா 2008 ஜமைக்கா தேர்வுப் போட்டியின் 100 மீட்டரில் 10.88 ஓடினார். அப்போது உலக சாம்பியன் அவர். நான்காவதாக வந்ததால் பெய்ஜிங்கில் 100 ஓட முடியவில்லை. ஒரு நாட்டுக்கு மூன்று இடம்தான். மூன்றாவதாக வந்தவரின் நேரம் 10.87, அதாவது நூறில் ஒரு பங்கு வினாடி வித்தியாசம். ஜமைக்காவுக்காக ஓட நினைக்கும் எந்தப் பெண்ணும் இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும்.

பள்ளி முடித்ததும் நேரடியாகத் தொழில்முறை ஓட்டக்காரி ஆகிவிடலாம் என்று யாராவது ஆசை காட்டலாம். 17 வயதில் 200 மீட்டரை 19.93ல் ஓடிய உசேன் போல்ட் போன்றவர்களுக்குத்தான் அந்த வழி. அவரும் 2004 ஏதென்ஸில் காயத்தோடு முதல் சுற்றிலேயே வெளியேறினார், நான்கு ஆண்டு கழித்துத்தான் உலகம் அறிந்த போல்ட் வந்தார். வருமானத்தையும் பாருங்கள். உலகப் போட்டித் தங்கத்துக்கு 70,000 டாலர், ஃபைனலில் எட்டாவதாக வந்தால் 5,000. பாரிசில் ஒலிம்பிக் தங்கத்துக்கு உலகத் தடகள அமைப்பு 50,000 கொடுத்தது. இதில் ஏஜென்ட் பங்கு, பயிற்சி, பிசியோ, விமானம், வரி எல்லாம் கழியும். உண்மையான வருமானம் ஷூ கம்பெனி ஒப்பந்தம்தான். அதிலோ தரவரிசை இறங்கினால், காயத்தில் ஓடாவிட்டால் தொகை குறையும் என்ற ஷரத்துகள் இருக்கும். வக்கீல் படிக்காமல் கையெழுத்து வேண்டாம். அவசரமும் வேண்டாம்: செயின்ட் கிட்ஸின் கிம் காலின்ஸ் அமெரிக்காவில் படித்துவிட்டு 2003ல் உலக சாம்பியன் ஆனார், 2016ல் 40 வயதில் 9.93 ஓடினார்.

மருந்து விஷயத்தில் நீங்கள்தான் காவல். 2010ல் ஷெல்லி ஆன் பல்வலிக்கு எடுத்த வலி மாத்திரையில் தடைசெய்யப்பட்ட ஆக்சிகோடோன் இருந்தது, ஆறு மாதத் தடை. 2019ல் 17 வயது பிரையானா வில்லியம்ஸ் சளிக்கு எடுத்த மாத்திரையால் பரிசோதனையில் சிக்கினார். எச்சரிக்கையோடு விட்டார்கள், ஆனால் 10.94 ஓடிய முடிவு அழிந்தது, தோகா உலகப் போட்டி கைவிட்டுப் போனது. கடையில் வாங்கும் மாத்திரையின் மூலப்பொருளை ஒவ்வொரு முறையும் தடைப்பட்டியலோடு ஒப்பிடுங்கள். ஊரிலிருந்து பாட்டி அனுப்பும் லேகியம், சூரணம், டானிக் எதுவும் போட்டிக் காலத்தில் வேண்டாம். உள்ளே என்னென்ன கலந்திருக்கிறது என்பதற்கு லேபிளில் ஆதாரம் இருக்காது. பாட்டி மனம் நோகும், பரவாயில்லை. பின்னாளில் உங்கள் மகள் ஊக்கமருந்துச் சோதனைப் பட்டியலில் சேர்ந்தால், தினமும் ஒரு மணி நேரம் எங்கே இருப்பாள் என்று முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பன்னிரண்டு மாதத்தில் மூன்று முறை தவறினால், ஊக்கமருந்தே தொடாதவருக்கும் இரண்டாண்டுத் தடை வரலாம்.

பாஸ்போர்ட்டையும் இப்போதே யோசியுங்கள். அங்கே பிறந்ததால் அவள் பிறப்பிலேயே ஜமைக்கக் குடிமகள். ஜமைக்க, இந்திய பாஸ்போர்ட் இரண்டையும் வைத்துக்கொள்ள இந்தியச் சட்டம் இடம் தராது. காரிஃப்டா அணிக்குப் பெயர் போகும் வாரத்தில் இந்தப் பேச்சைத் தொடங்கினால் நேரம் போதாது.

எல்லாவற்றையும்விட அவசரமானது பாடத் தேர்வு. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ, முதல் பிரிவில் சேர 16 அடிப்படைப் பாடங்களும் அவற்றில் 2.3 சராசரியும் கேட்கிறது. அந்தக் கணக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்தே ஓடுகிறது. இந்த ஆண்டு ரிப்போர்ட் கார்டின் அசலைப் பத்திரப்படுத்துங்கள். பள்ளி முடித்து ஒரு வருடத்துக்கு மேல் தாமதித்து, போட்டிகளிலும் ஓடிக்கொண்டிருந்தால் விளையாடும் ஆண்டுகள் கழியலாம். சாம்பியன்ஸில் இன்னொரு வருடம் ஓடட்டும் என்று பதினோராம் வகுப்புக்குப் பிந்தைய ஆறாம் ஃபார்மில் பள்ளி வைத்துக்கொள்ள விரும்பினால், எந்த ஆண்டைப் பள்ளி முடித்த ஆண்டாகக் கொள்வார்கள் என்று என்சிஏஏ தகுதி மையத்திடமே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பத்தாம் வகுப்புக்குப் பாடம் தேர்வு செய்யும் படிவம் இந்த ஆண்டுக்குள் வீட்டுக்கு வரும். ஆய்வக வகுப்பு மாலைப் பயிற்சியோடு மோதுகிறது, அதனால் அறிவியல் வேண்டாம் என்று யாராவது ஆலோசனை சொல்வார்கள். ஆங்கிலம், கணிதத்தோடு உயிரியல், இயற்பியல் இரண்டையும் குறிக்கச் சொல்லுங்கள். பிசியோதெரபி, விளையாட்டு அறிவியல், மருத்துவம் எல்லாவற்றுக்கும் அறிவியல் பாடங்கள்தான் வாசல். பயிற்சியை அரை மணி தள்ளிவைக்க முடியுமா என்று அதே நாளில் பயிற்சியாளரிடம் கேளுங்கள்.