ஒரே போன், முப்பது பிள்ளைகள்

கேள்வி: நாலாம் வகுப்பு எடுக்கிறேன். முப்பது பிள்ளைகள், இருப்பது என் போன் ஒன்றுதான். வண்ணம் தீட்டும் ஆப் கொடுத்தால் சீக்கிரமே அலுத்துவிடுகிறது. சொந்தமாக எதையாவது உருவாக்க வைக்க முடியுமா?
– ஓர் ஆசிரியை, திண்டிவனம்

பதில்: தாராளமாக முடியும். அந்த ஆப்பில் படத்தை ஏற்கெனவே யாரோ வரைந்துவிட்டார்கள். பிள்ளைக்கு மிச்சம் கலர் தொடுவது மட்டும்தான். அலுக்காமல் என்ன செய்யும்? ஸ்டாப் மோஷன் செய்யச் சொல்லுங்கள். பொருளைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு படம், இன்னும் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு படம். எல்லாவற்றையும் வேகமாக ஓட்டினால் அது தானே நகர்வதுபோல் தெரியும். ‘ஸ்டாப் மோஷன் ஸ்டூடியோ’ ஆப்பின் இலவசப் பதிப்பே போதும்.

முதல் பீரியடில் போனை வெளியே எடுக்காதீர்கள். ஐந்து பேர் ஒரு குழு. ஒரு தாளில் ஆறு கட்டம் போட்டுக் கதையை வரையட்டும். உதாரணமாக, சர்க்கரையைத் தூக்கிப் போகும் எறும்புக்கு வழியில் என்ன குறுக்கே வரும்? அதை நீங்கள் சொல்லவே கூடாது. உருவங்களைப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டச் சொல்லுங்கள். மெல்லிய தாள் மூச்சுக்காற்றுக்கே நகர்ந்துவிடும்.

பெஞ்சு ஓரத்தில் கேமரா மட்டும் வெளியே நீட்டியிருக்கும்படி போனை மல்லாத்தி வைத்து, மறுமுனையில் கனமான புத்தகம் இரண்டு வையுங்கள். தரையில் சார்ட் பேப்பர், நான்கு மூலையிலும் டேப். நொடிக்கு 8 படம் என்றால் 15 நொடிக்கு 120 படம். ஒவ்வொரு தடவையும் எறும்பு அரை சென்டிமீட்டர் நகரட்டும். ஓட வேண்டுமானால் ஒரு சென்டிமீட்டர். அது நின்று யோசிக்க வேண்டுமா? அசைக்காமல் 8 படம் எடுங்கள். இருபது படத்துக்கு ஒருமுறை, நகர்த்துபவரும் எடுப்பவரும் இடம் மாறட்டும்.

படம் மினுக்மினுக்கென்று வந்தால், கேமரா தானாக வெளிச்சத்தை மாற்றுகிறது என்று அர்த்தம். ஆப்பிலேயே வெளிச்சத்தையும் ஃபோகஸையும் பூட்டிவிடுங்கள். மேகம் போய்வரும் நேரத்தில் ஜன்னலைச் சாத்திவிட்டு டியூப் லைட்டில் எடுங்கள். காட்சி குதித்தால் போன் அசைந்திருக்கிறது. திரையை விரலால் குத்துவதுதான் காரணம். சில நொடிக்கு ஒரு படம் தானாக எடுக்கும் வசதி அதே ஆப்பில் உண்டு. கை படத்தில் விழாமல் இருக்க, ‘கை எடு’ என்று குரல் கொடுக்க ஒருவரை வையுங்கள். விழுந்துவிட்டால் அந்த ஒரு படத்தை மட்டும் அழித்தால் போதும்.

கேள்வி: மகள் ஒன்றாம் வகுப்பு. கட்டளைகளை அடுக்கிக் கார்ட்டூன் கதை செய்யும் ‘ஸ்க்ராட்ச் ஜூனியர்’ ஆப் கொடுக்கலாமா? இன்னும் சரியாகப் படிக்கத் தெரியாது.
– ஒரு தாய், தேனி

பதில்: கொடுங்கள். அது 5 முதல் 7 வயதுக்கென்றே வந்தது; கட்டளைகள் எல்லாம் படங்களாகவே இருக்கும். டேப்லெட்டில் கொடுங்கள். திறந்ததும் வரும் பூனையை நீக்கிவிட்டு, அவளே விரலால் ஓர் உருவம் வரையட்டும். மைக் கட்டத்தில் தன் குரலைப் பதிந்து அதைப் பேச வைக்கலாம்.